வழிகாட்டி நூலின் பயன்: ஏ. கே. செட்டியார் வாழ்வு தரும் அளவுகோல்

தமிழில் பயண இலக்கியம் என்றவுடன் நினைவுக்கு வரும் முதற்பெயர் ஏ. கே. செட்டியார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்பது 1940ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பு. நாளடைவில் அது ஆசிரியரின் பட்டப்பெயராகவே நிலைத்துவிட்டது. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை எடுத்தவர் என்ற வகையிலும், 'குமரி மலர்' என்னும் இதழை நாற்பதாண்டுக் காலம் நடத்தியவர் என்ற வகையிலும் அவர் பலமுறை பாராட்டப்பெற்றுள்ளார். இம்மலரில் அவரை நினைவுகூர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு.

நம் இலக்கிய வட்டம் கூடும் இப்பகுதி, உடையவர் இராமாநுசர் 1017ஆம் ஆண்டு அவதரித்த ஸ்ரீபெரும்புதூரையும் அதற்குத் தெற்கேயுள்ள ஒரகடத்தையும் உள்ளடக்கியது. ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த இம்மண்ணில், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கூட்டு ஆலையும், 2012இல் ஜெர்மானிய டைம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. அயல்நாட்டார் இங்கு வரத் தொடங்கியதைப் போலவே, இங்குள்ளோரும் அயல்நாடு செல்லத் தொடங்கினர். காஞ்சிபுரத்துக்கும் திருவள்ளூருக்கும் பேருந்து ஏறியவர்களின் பிள்ளைகள் பயிற்சிக்காகவும் பணிக்காகவும் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் விமானம் ஏறுகின்றனர். புறப்படுமுன் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. எந்த வழிகாட்டி நூலை வாங்கலாம்? அது எந்த அளவுக்குப் பயன்படும்?

கேள்வி எளிது; விடை அத்துணை எளிதன்று. வழவழப்பான தாளில் வண்ணப் படங்களுடன் அச்சிட்ட நூல்கள் கடைகளில் கிடைக்கின்றன. கைப்பேசியில் ஊர்ப்படம் உண்டு, மொழிபெயர்ப்பும் உண்டு. ஆயினும் போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே பலர் உணர்ந்துகொள்வது, அந்நூல் தமக்காக எழுதப்பட்டதன்று என்பதையே. யாருக்காக எழுதப்பட்டது, எப்போது எழுதப்பட்டது, படித்தவனுக்கு எதைக் கற்றுத் தருகிறது என்னும் மூன்றையும் வினவாமல் ஒரு வழிகாட்டி நூலின் பயனை மதிப்பிட இயலாது. தமக்கென எழுதப்பட்ட நூல் ஏதுமின்றி உலகைச் சுற்றிவந்து, பின்னர்த் தம் மக்களுக்காகத் தாமே எழுதிய ஏ. கே. செட்டியாரின் வாழ்க்கை, இம்மூன்று வினாக்களுக்கும் தக்க விடை தருகிறது.

கோட்டையூரிலிருந்து இரங்கூனுக்கு

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் ஏ. கே. செட்டியார். இயற்பெயர் கருப்பன். இளமைக் கல்வியைத் திருவண்ணாமலையில் பெற்றார். அவர் பிறந்த நகரத்தார் சமூகம் கடல் கடந்து தொழில் செய்வதில் நெடிய பழக்கமுடையது. இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் எனப் பல நாடுகளில் அவர்களுடைய கொடுக்கல் வாங்கல் பரவியிருந்தது. ஆனால் அவர்களில் எவரும் அச்சிட்ட வழிகாட்டி நூலைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலேறியதில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

துறைமுகத்தில் இறங்கியவரை அழைத்துச் செல்ல ஊரார் காத்திருப்பர். தங்குவதற்குக் கிட்டங்கி உண்டு. பல கடைகளின் பெட்டிகள் ஒரே கூடத்தில் வரிசையாக இருக்க, பகலில் தொழில் நடைபெறும் அவ்விடமே இரவில் படுக்கையறை ஆகும். உணவுக்கு ஊர்ச் சமையல். வழிபாட்டுக்குத் தண்டாயுதபாணி கோயில். பெட்டியடிப் பையனாகச் சேரும் சிறுவனுக்கு எதை எங்கே வாங்குவது, யாரை நம்புவது, எந்தத் தெருவில் இரவில் நடக்கலாகாது என்பவற்றையெல்லாம் மூத்தவர் சொல்லிக்கொடுப்பர். மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவோரும் புதிதாகச் செல்வோரும் மாறி மாறி வந்தமையால், அந்த வாய்மொழி வழிகாட்டி ஒருபோதும் பழசாவதில்லை. ஒவ்வொரு கப்பலும் அதற்குப் புதிய பதிப்பைக் கொண்டுவந்தது.

அவ்வழிகாட்டிக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. அது ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே உரியது. மேலும், கிட்டங்கி முடியும் இடத்தில் அதுவும் முடிந்துவிடும். கிட்டங்கி இல்லாத ஊருக்குப் போக விரும்பும் தமிழனுக்கும், கிட்டங்கிக்குள் இடம்பெற இயலாத தமிழனுக்கும் அதனால் பயனில்லை.

இளமையிலேயே எழுத்தில் ஈடுபட்ட செட்டியார், இரங்கூனிலிருந்து வெளிவந்த 'தனவணிகன்' இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். பர்மா அன்று நிருவாக முறையில் இந்தியாவின் ஒரு பகுதி. 1937 ஏப்ரல் முதல் நாளில்தான் தனியே பிரிக்கப்பட்டது. ஆகவே இரங்கூன் வாழ்க்கை சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு வாழ்க்கை அன்று. எனினும் வேற்று மொழியும் வேற்று உணவும் வேற்று வழக்கமும் உடைய மக்களிடையே தமிழர் எவ்வாறு வாழ்கின்றனர், அவர்களைப் பற்றி அம்மக்கள் என்ன எண்ணுகின்றனர் என்று கவனிக்கும் பழக்கம் ஓர் இதழாசிரியருக்கு அங்கே இயல்பாக வாய்க்கும். பிற்காலத்தில் எந்த நாட்டுக்குச் சென்றாலும் அந்நாட்டு மக்களையும், அங்குள்ள தமிழரையும் சேர்த்தே பார்த்தவர் செட்டியார்.

ஜப்பான்: பிறருக்காக எழுதிய நூல்கள்

1930களின் நடுப்பகுதியில் புகைப்படக் கலையைப் பயில அவர் தோக்கியோ சென்றார். ஆசிய நாடொன்று தொழில் வளர்ச்சியில் மேலைநாடுகளுக்கு ஈடாக நிற்கிறது என்னும் வியப்பு அக்காலத்தில் இந்தியாவெங்கும் இருந்தது. நம் கடைத்தெருக்களில் ஜப்பானியப் பொருள்கள் மலிவு விலைக்கு விற்றன. அந்நாட்டை நேரில் கண்டு தமிழில் எழுதியவர்களோ மிகச் சிலரே.

அக்காலத்தில் ஜப்பானுக்கு வழிகாட்டி நூல் இல்லாமலில்லை. ஜப்பானிய அரசு இரயில்வேயே 1913 முதல் கிழக்காசிய நாடுகளுக்கான வழிகாட்டி வரிசையொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதற்கு முன்பே ஐரோப்பாவில் இக்கலை முதிர்ந்திருந்தது. இலண்டன் நகரத்து ஜான் முர்ரே 1836 முதல் கையேடுகளை வெளியிட்டார். ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகரில் 1827இல் புத்தகக் கடை தொடங்கிய கார்ல் பெடெக்கர், 1859இல் மறைவதற்குள் தம் பெயரையே வழிகாட்டி நூலுக்கு மறுபெயராக்கினார். தாமே சென்று பார்த்து எழுதுவது, சிறப்பான இடங்களுக்கு நட்சத்திரக் குறியிடுவது, செலவைக் கணக்கிட்டுச் சொல்வது ஆகிய வழக்கங்கள் அவரால் பரவின. முர்ரே நிறுவனம் 1859இல் சென்னை மாகாணத்துக்கும் பம்பாய் மாகாணத்துக்கும் கையேடு வெளியிட்டது. ஆங்கிலேயர் நம் ஊர்களைப் பார்க்க நூல் வந்துவிட்டது. நாம் அவர்கள் ஊரைப் பார்க்கத் தமிழில் அதற்கு இணையான நூல் இல்லை.

அந்நூல்களின் பிழையின்மையைக் குறைகூற இயலாது. அவை யாருக்காக எழுதப்பட்டன என்பதே நாம் நோக்க வேண்டியது. மேலைநாட்டு விடுதியில் தங்கி, மேலைநாட்டு உணவை உண்டு, பவுனிலும் டாலரிலும் செலவு செய்யும் வெள்ளையரே அவற்றின் வாசகர். சோறு கிடைக்குமா, புலால் விலக்கியோர் என்ன உண்ணலாம், மாணவரின் கைப்பணத்துக்குள் அறை அகப்படுமா, இந்தியனைக் கண்டால் வீட்டுக்காரர் கதவைத் திறப்பாரா என்னும் கேள்விகள் அந்நூலாசிரியர்களுக்குத் தோன்றவே நியாயமில்லை. அரசு வெளியிட்ட நூலுக்கு மற்றொரு குறையும் உண்டு. அந்த அரசு தன் நாட்டை உலகம் எப்படிப் பார்க்க வேண்டுமென்று விரும்புகிறதோ அந்த முகத்தையே அது காட்டும். 1937இல் சீனாவின்மேல் பெரும்போர் தொடுக்கவிருந்த நாட்டின் மனப்போக்கை, கோயில்களையும் வெந்நீர் ஊற்றுகளையும் வரிசைப்படுத்தும் நூல் எவ்வாறு சொல்லும்?

இந்த இடைவெளியில்தான் செட்டியாரின் எழுத்து தொடங்கியது. தாம் கண்ட ஜப்பானைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு எழுதினார். கட்டடங்களைக் காட்டிலும் மக்களுக்கு அதில் இடம் மிகுதி. எளிய நடை, சிறிய வாக்கியம், இடையிடையே மெல்லிய நகைச்சுவை என்று அன்று அமைந்த பாணியே கடைசிவரை அவருக்கு நிலைத்தது.

நியூயார்க்: ஒதுக்கப்பட்டோருக்கு ஒரு நூல்

ஜப்பானிலிருந்து அமெரிக்கா சென்ற செட்டியார், நியூயார்க் நகரத்தில் புகைப்படப் பயிற்சியைத் தொடர்ந்தார். அவர் அங்கிருந்த 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு இரயிலில் தனிப் பெட்டி, உணவகத்தில் இடமில்லை, வெள்ளையர் விடுதியில் அறையில்லை. நிறத்தை வைத்து மனிதரைப் பிரித்த நாட்டில், மாநிறத்து அயல்நாட்டவரும் எந்த வாசலில் எந்த விடை கிடைக்குமென்று முன்கூட்டி அறிய முடியாது. பெரும் பதிப்பகங்களின் வழிகாட்டி நூல்களைத் திருப்பிப் பார்த்தால் இந்த அச்சத்துக்கு அங்கே விடையில்லை.

அதே நியூயார்க்கில், 1936ஆம் ஆண்டு, விக்டர் கிரீன் என்னும் கறுப்பினத் தபால்காரர் சிறு நூலொன்றை வெளியிட்டார். கறுப்பின மக்கள் மானத்தோடு தங்கவும் உண்ணவும் வண்டியைப் பழுதுபார்க்கவும் கூடிய இடங்கள் எவை என்பதே அதன் செய்தி. முதலில் நியூயார்க் வட்டாரத்துக்கு மட்டும் வந்த அந்நூல், பின்னர் நாடு முழுவதற்குமாக விரிந்து 1960கள் வரை வெளிவந்தது. 1964இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிய பின்னர் அதன் தேவை குறைந்து, வெளியீடும் நின்றது. இந்நூலைச் செட்டியார் அறிந்திருந்தாரோ இல்லையோ, அவர் வாழ்க்கையின் பொருளை விளக்க இதைவிடச் சிறந்த உவமை கிடைப்பதரிது. தோற்றத்தில் எளிய அந்நூலை நம்பியே மனிதர் குடும்பத்தோடு இரவில் பயணம் செய்தனர். பயன்படும் நூல் என்பது படிப்பவனின் இடர்ப்பாட்டை அறிந்த ஒருவன் எழுதிய நூலே. பொன்னெழுத்து அட்டையோ பக்கங்களின் எண்ணிக்கையோ அதைத் தீர்மானிப்பதில்லை.

நூல் இல்லாத பயணம்

1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில் இருந்தார் செட்டியார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் காந்தியடிகளின் படச்சுருள்களைத் திரட்டி ஒரு வாழ்க்கைப் படம் எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கே அவருக்கு உதித்தது. இருபத்தாறு வயதுகூட நிரம்பாத இளைஞர் அவர். பெரும் பணமோ பெரும் நிறுவனமோ பின்னால் இல்லை.

அடுத்த மூன்றாண்டுகளில் அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல். ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் தேடித் திரட்டிய படச்சுருள் ஏறத்தாழ 50,000 அடி. அதிலிருந்து ஏறத்தாழ 12,000 அடி நீளமுள்ள படம் உருவாகி, 1940 ஆகஸ்டில் சென்னையில் தமிழில் வெளியிடப்பட்டது. ஒளிப்பதிவில் புகழ்பெற்ற பி. வி. பதி இம்முயற்சியில் துணைநின்றார். பின்னர் 1947இல் இந்தி வடிவமும், 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் வந்தன. இத்தேடலின் கதையைச் செட்டியார் பின்னாளில் குமரி மலரில் எழுதினார். அவர் மறைந்த பின் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் அது 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலாயிற்று.

இப்பயணத்துக்கு எந்த வழிகாட்டி நூலும் உதவியிருக்க முடியாது. இலண்டனில் எந்தக் கோபுரம் உயரமானது என்பது அவருக்குத் தேவையில்லை. எந்தச் செய்திப்பட நிறுவனத்தின் கிடங்கில் எந்த ஆண்டின் சுருள் உறங்குகிறது என்பதே தேவை. 1860இல் சென்னையிலிருந்து சென்ற முதற் கப்பலோடு தொடங்கியது தென்னாப்பிரிக்கத் தமிழரின் வரலாறு. தர்பன் நகருக்கு நூல் எழுதியவன் துறைமுகத்தையும் கடற்கரையையும் காட்டுவான். கரும்புத் தோட்டத்திலிருந்து மீண்டு, காந்தியடிகளோடு சிறை சென்ற மூதாட்டியின் வீட்டைக் காட்டமாட்டான். அத்தகைய இடத்துக்கு மனிதரை மனிதரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். ஒருவர் தரும் முகவரி மற்றொருவரிடம் சேர்க்கும். அவர் நினைவு மூன்றாமவரிடம் சேர்க்கும்.

நூல் இல்லாமற் போன குறையைக் கேட்டறியும் திறத்தால் நிறைவு செய்துகொண்டவர் செட்டியார். ஐரோப்பா போரின் விளிம்பில் நின்ற ஆண்டுகள் அவை. இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்தியிருந்தால் அச்சுருள்களில் பல குண்டுவீச்சில் அழிந்திருக்கும். சென்று பார்த்தவர் நினைவும் மங்கியிருக்கும். ஆயத்தமான வழிகாட்டி கிடைக்கும்வரை காத்திருப்போம் என்று அவர் எண்ணவில்லை என்பதே அப்படம் நமக்குக் கிடைத்ததன் காரணம்.

பெயர் மாறிய நாடுகள்

போர் முடிந்தபின் செட்டியார் மீண்டும் பல நாடுகளுக்குச் சென்றார். 'மலேயா முதல் கனடா வரை', 'அமெரிக்க நாட்டிலே', 'ஐரோப்பா வழியாக', 'கரிபியன் கடலும் கயானாவும்' முதலிய நூல்கள் வெளிவந்தன. தாயகத்துக்குள் 'குடகு' நாட்டைப் பற்றியும் எழுதினார்.

இத்தலைப்புகளே ஒரு பாடம் கற்பிக்கின்றன. மலேயா 1963இல் மலேசியாவில் இணைந்தது. பிரிட்டிஷ் கயானா 1966இல் விடுதலை பெற்றது. அவர் இதழ் நடத்திய இரங்கூன் 1989 முதல் யாங்கோன் என்று எழுதப்படுகிறது. அவர் கண்ட தோக்கியோவின் ஒரு பகுதி 1945 மார்ச் மாதத்துக் குண்டுவீச்சில் எரிந்து சாம்பலாயிற்று. அவர் ஏறிச் சென்ற பயணக் கப்பல்களின் போக்குவரத்து, விமானம் பெருகியபின் நின்றது. ஆகவே கட்டணம், கால அட்டவணை, விடுதி, நாணய மாற்று ஆகியவற்றுக்காக அவர் நூல்களை இன்று ஒருவர் கையில் எடுத்துச் செல்வாரேயானால் ஏமாற்றமே மிஞ்சும். இதில் அவருக்கு மட்டும் உரிய குறை ஏதுமில்லை. பெடெக்கரும் முர்ரேயும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிப்பைப் புதுக்கியதன் காரணமும் இதுவே. தன் காலத்தைத் தெளிவாகச் சொல்லிவிடும் நூல் நேர்மையான நூல். தன் காலத்தை மறைக்கும் நூலே தீமை செய்வது.

ஆனால் கரிபியன் தீவுகளிலும் கயானாவிலும் தோட்டக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் வழித்தோன்றல்கள் எப்படி வாழ்கின்றனர் என்று நேரில் சென்று தமிழில் எழுதப்பட்ட செய்திக்குக் காலாவதி இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மதிப்பு ஏறுகிறது. அட்டவணை பயணம் முடிந்தவுடன் பயன் இழக்கும். மனிதரைப் பற்றிய செய்தி அதன்பின் வரலாறாகும்.

1943இல் தொடங்கிய குமரி மலரை அவர் தம் மறைவு வரை நடத்தினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்து கிடந்த அரிய கட்டுரைகளைத் தேடி மறுபடியும் அச்சேற்றுவது அவ்விதழின் தனித்தன்மை. அத்தேடலின் ஒரு விளைவே 1968இல் வெளிவந்த 'தமிழ்நாடு' என்னும் தொகுப்பு. தமிழகத்து ஊர்களைப் பற்றிய பழைய பயணக் கட்டுரைகளை அதில் ஒருங்கு சேர்த்தார். உலகத்தைத் தமிழருக்குச் சொன்னவர், தமிழ்நாட்டையும் ஒரு பயணியின் கண்கொண்டு பார்க்க வேண்டுமென்று கருதினார் போலும். அயலூரைப் பார்க்கத் தெரிந்தவனுக்கே சொந்த ஊரும் புலப்படும்.

1983ஆம் ஆண்டு அவர் மறைந்தார். இத்தனை நாடுகளைக் கண்டவர் தம்மைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. புகைப்படக் கலை கற்ற அவருடைய புகைப்படங்களே அரிதாகத்தான் கிடைக்கின்றன. நான் போனேன், நான் கண்டேன் என்று தம்மை முன்னிறுத்தாமல், கண்ட பொருளை வாசகர் முன் வைத்துவிட்டு விலகி நிற்பது அவர் இயல்பு. வழிகாட்டிக்கு இருக்க வேண்டிய முதற்பண்பும் அதுவே. வழியை மறைத்துக்கொண்டு நிற்பவன் வழிகாட்டி ஆகான்.

மூன்று வினாக்கள்

வழிகாட்டி நூல் மேலைநாட்டார் கண்டுபிடிப்பு என்று நாம் எண்ணிவிடக் கூடாது. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் பல உள்ளன. பரிசில் பெற்றுத் திரும்பியவன், பெறச் செல்பவனுக்கு வழி சொல்வது அவற்றின் அமைப்பு. நம் பகுதிக்கு அண்மையிலுள்ள காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைக் கூறுவது, கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. எந்த நிலத்தில் எந்த மக்கள் வாழ்கின்றனர், அவர்கள் வீட்டில் பாணருக்கு என்ன உணவு கிடைக்கும் என்று அது படிப்படியாகச் சொல்கிறது. செட்டியார் கல்வி கற்ற திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள செங்கண்மாவுக்கு வழி சொல்லும் மலைபடுகடாம், விலங்குக்கு வைத்த பொறி, பாம்புகள் உறையும் இடம், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை என இடர்களை ஒவ்வொன்றாக எச்சரிக்கிறது. சென்றுவந்தவன் சொல்கிறான்; கேட்பவனும் அவனைப் போன்ற கலைஞன்; அவன் வயிறும் அச்சமும் சொல்பவனுக்குத் தெரியும். கிட்டங்கியில் மூத்தவர் செய்ததும், விக்டர் கிரீன் செய்ததும், செட்டியார் செய்ததும் இதே பணியேயாம்.

ஆகவே அயல்நாடு செல்லும் நம்மவர் ஒருவர் வழிகாட்டி நூலைக் கையிலெடுக்கும்போது மூன்று வினாக்களை அதனிடம் கேட்கலாம்.

முதலாவது, இது யாருக்காக எழுதப்பட்டது? இரண்டு வாரம் சுற்றிப் பார்க்கும் செல்வருக்கான நூல், ஆறுமாதம் ஆலை விடுதியில் தங்கிப் பயிலும் இளைஞருக்குப் பாதியும் பயன்படாது. அவருக்கு அரண்மனை திறக்கும் நேரத்தைவிட, அரிசி விற்கும் கடையும் மருத்துவமனையில் பேசவேண்டிய நான்கு சொற்களும் முக்கியம். இவ்வினாவைச் செட்டியார் நூல்களிடமும் கேட்க வேண்டும். தனித்துச் சென்ற ஆடவர் ஒருவர் கண்ட உலகமே அவற்றில் உள்ளது. நம் பகுதி ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் பணிபுரிகின்றனர். அவர்களில் ஒருவர் தனியே அயல்நாடு செல்லும்போது எழும் ஐயங்களுக்கு, சென்றுவந்த மற்றொரு பெண்ணே விடை எழுத வேண்டும்.

இரண்டாவது, இது எப்போது எழுதப்பட்டது? பதிப்பாண்டைப் பார்க்காமல் வாங்கும் நூல், மருந்தின் நாள் பார்க்காமல் உண்பதற்கு ஒப்பாகும். விலையும் நேரமும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டியவை. அவற்றுக்குக் கைப்பேசியே போதும். மக்களின் நடத்தை, வரலாறு, உணவுப் பழக்கம் ஆகியவை பற்றிய பகுதிகள் நெடுநாள் நிற்பவை. ஒரு நூலில் இவ்விரண்டும் எந்த அளவில் கலந்துள்ளன என்பதைப் பார்த்தாலே அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது விளங்கும்.

மூன்றாவது, இது படிப்பவனுக்கு எதைக் கற்றுத் தருகிறது? சில நூல்கள் படிப்பவனின் கண்ணை மூடித் தாமே பார்த்துச் சொல்லிவிடும். அவன் நட்சத்திரக் குறியிட்ட இடத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புவான். வேறு சில நூல்கள் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, எதைக் கண்டு சிரிக்கக்கூடாது என்று கற்றுத் தரும். ஒருமுறை கற்றபின் நூல் கையில் இல்லாத ஊரிலும் அவனால் நடமாட முடியும். செட்டியாரின் நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. அதனாலேயே கட்டணங்கள் யாவும் மாறிய பின்னரும் அவற்றை நம்மால் படிக்க முடிகிறது.

நாம் செய்ய வேண்டியது

கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய உணவகங்களை ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் இன்று காண்கிறோம். அங்கு உண்ண வரும் அயல்நாட்டுப் பொறியாளருக்கு நம் ஊரைப் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை நாம் அறியோம். அவருடைய நாட்டைப் பற்றி நம்மிடம் உள்ளதும் பெரும்பாலும் கேள்விச் செய்தியே. பத்தாண்டுகளாக நம் வட்டத்தின் கூட்டங்களுக்கு வருவோரில் அயல்நாட்டில் பணிபுரிந்து திரும்பியவரும் உண்டு. இடைவேளையில் தேநீர் அருந்தும்போது அவர்கள் சொல்லும் செய்திகள் எந்த அச்சிட்ட நூலிலும் காணக் கிடைக்காதவை. குளிர்காலத்தில் முதல் நாள் செய்த தவறு, மேற்பார்வையாளரிடம் வணக்கம் சொல்லும் முறை, பொங்கலன்று சர்க்கரைக்கும் ஏலக்காய்க்கும் அலைந்த அலைச்சல் என அவை நீளும். தேநீர் தீர்ந்ததும் அச்செய்திகளும் தீர்ந்துவிடுகின்றன.

நகரத்தாரின் வாய்மொழி வழிகாட்டி அவர்கள் கிட்டங்கிகளோடு பெரும்பாலும் மறைந்தது. எழுதி வைப்பார் இல்லாமற் போனதே அதற்குக் காரணம். செட்டியார் எழுதினார், ஆகவே அவர் கண்ட உலகம் நமக்குக் கிடைத்தது. நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் வெளியிடும் மலர்களில், சென்றுவந்தோர் எழுதிய சிறு பயணக் கட்டுரை ஆண்டுக்கு ஒன்றேனும் இடம்பெற வேண்டும். எழுதியவர் பெயர் பெரிதாக வேண்டியதில்லை. சென்ற ஆண்டு எது, தங்கிய ஊர் எது, செலவு எவ்வளவு, துன்பம் எது, உதவியவர் எத்தகையோர் என்னும் செய்திகள் தெளிவாக இருந்தால் போதும். அடுத்து விமானம் ஏறப்போகும் இளைஞரும் இளம்பெண்ணும் தமக்காகவே எழுதப்பட்ட நூலொன்றை அப்போது கையிற் கொண்டு செல்வர். உலகம் சுற்றிய அத்தமிழருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியும் அதுவே.